காற்றாடி சுற்றினால் போதுமா?

சொந்தமாகக் கட்டிய கணினியில் காற்றாடி சுற்றி, திரை மட்டும் கறுப்பாகவே நின்றால் மதர்போர்டு போய்விட்டது என்று அர்த்தம். அது போனதற்குக் கேமரன் மலையின் ஈரக்காற்றுதான் காரணம். ஆகவே தோட்டத்துப் பிள்ளைகள் பாகம் பாகமாக வாங்கிக் கணினி கட்டும் ஆசையை விட்டுவிட்டு, கட்டிவைத்ததைக் கடையில் வாங்க வேண்டும். சென்ற இதழில் வந்த கட்டுரையின் சாரம் இவ்வளவுதான். முதல் இரண்டும் அறியாமை. மூன்றாவது அவமதிப்பு.

காற்றாடி சுற்றுவதால் கரண்ட் ஒழுங்காக வருகிறது, எனவே பழுது மதர்போர்டில்தான் என்கிறார் கட்டுரையாளர். காற்றாடிக்கு வேண்டியது 12 வோல்ட் மட்டும். பவர் சப்ளையிலிருந்து வரும் அந்த மின்சாரம் மதர்போர்டு வழியாகக் காற்றாடிக்குப் போய்விடும். புராசசருக்கு உயிர் இருக்கிறதா, ராம் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. புராசசருக்கென்று தனியாக வரும் 8 முனைக் கேபிளைச் செருகாமல் விட்டாலும் பெரும்பாலான மதர்போர்டுகளில் காற்றாடி சுற்றும், விளக்குகள் மின்னும், திரையில் ஒன்றும் வராது. முதல்முறை கட்டுகிறவர்கள் அதிகம் தவறவிடும் இடமே இதுதான். 24 முனைப் பெரிய கேபிளை அழுத்திச் செருகியதும் வேலை முடிந்ததாக நினைத்துவிடுகிறார்கள். பலகையின் மேல் இடது மூலையில், விரல் நுழையாத சந்தில் இருக்கும் அந்தச் சின்ன சாக்கெட் கண்ணில் படுவதில்லை. இவ்வளவு சாதாரணமான ஒன்றைச் சொல்லாமல் ‘போர்டு போச்சு’ என்று தீர்ப்பு எழுத எப்படித்தான் மனம் வந்ததோ.

பட்டனை அழுத்தியதும் மதர்போர்டு ஒவ்வொன்றாகச் சோதித்துக்கொண்டு போகிறது. புராசசர், ராம், கிராபிக்ஸ், பிறகு டிஸ்க். இப்போது வரும் மதர்போர்டுகள் பலவற்றில் இந்த நான்குக்கும் ஓரத்தில் நான்கு குட்டி விளக்குகள் உண்டு. எந்த விளக்கு அணையாமல் நிற்கிறதோ அங்கிருந்துதான் தேடத் தொடங்க வேண்டும். விளக்கு இல்லாத பழைய பலகை என்றால் ஒரு சின்ன ஸ்பீக்கரைச் செருகி, பீப் ஒலியை வைத்துக் கண்டுபிடிக்கலாம். கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை.

மதர்போர்டு சாகவே சாகாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அது செத்ததை வீட்டில் வைத்து நேரடியாகக் காட்டும் சோதனை எதுவும் கிடையாது. மற்ற பாகங்களெல்லாம் நன்றாக இருக்கின்றன என்று ஒவ்வொன்றாக உறுதிசெய்த பிறகு மிஞ்சுவதுதான் மதர்போர்டு. கடைசியாகச் சொல்ல வேண்டியதைக் கட்டுரையாளர் முதலிலேயே சொல்லிவிடுகிறார்.

ஹாபு பக்கத்துத் தோட்ட வீடொன்றில், படிவம் ஐந்து படிக்கும் பையன் கட்டிய கணினி இப்படித்தான் கறுத்துக் கிடந்தது. மதர்போர்டு இரண்டாம் கை, பி450. புராசசர் புதிது, ரைசன் 5 5600எக்ஸ். மலையிறங்கிக் கொண்டுபோய்க் காட்டிய கடையில் புது போர்டு போடச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். “அண்ணே, மாத்தித்தான் ஆகணுமா?” என்று கேட்டான். “இருப்பா, முதல்ல பார்ப்போம்” என்று பின்பக்கம் திருப்பினால், மானிட்டர் கேபிள் மதர்போர்டின் எச்டிஎம்ஐ துளையில் இருந்தது. 5600எக்ஸ் சில்லுக்குள் கிராபிக்ஸ் கிடையாது. அதைப் பொருத்தியிருக்கும்வரை அந்தத் துளையிலிருந்து படம் வராது. கேபிளைக் கிராபிக்ஸ் கார்டுக்கு மாற்றினோம். அப்போதும் கறுப்புதான், புராசசர் விளக்கும் அணையவில்லை. பி450 பலகைகள் 2018இல் வந்தவை. இந்தப் புராசசர் வந்தது 2020 நவம்பரில். பயாஸ் என்பது பலகையைத் துவக்கும் மென்பொருள். பழைய பயாஸ் இருக்கும் பலகைக்கு இப்படி ஒரு சில்லு இருப்பதே தெரியாது. நல்லவேளையாக அந்தப் பலகையில், புராசசரின் உதவியில்லாமலே பயாஸை மாற்றும் பட்டன் இருந்தது. புதிய கோப்பைக் கைப்பேசியில் இறக்கி, பென் டிரைவில் போட்டு, பலகை கேட்கும் பெயரை வைத்து, பட்டனை அழுத்தினோம். விளக்கு சில நிமிடங்கள் மின்னி நின்றது. மறுபடி ஆன் செய்ததும் திரையில் எழுத்து வந்தது.

அந்தப் பையன் கடைக்காரர் சொன்னபடி புது போர்டு வாங்கியிருந்தாலும் படம் வந்திருக்கும். புதிய பலகையில் புதிய பயாஸ் இருக்கும். பொருத்துகிறவர் எல்லாக் கேபிளையும் பிடுங்கி, ராமைக் கழற்றி, சரியான இடத்தில் மறுபடி செருகுவார். படம் வந்ததும் பழைய போர்டு செத்துத்தான் போயிருந்தது என்று எல்லாரும் நம்புவார்கள். கட்டுரையாளர் தன் அனுபவமாக எழுதியிருக்கும் ‘போர்டை மாற்றியதும் சரியானது’ என்ற சான்றுக்கு இதைவிட அதிக மதிப்பு கிடையாது. கழற்றி மாட்டியதால் சரியானதா, மாற்றியதால் சரியானதா என்று அவர் பிரித்துப் பார்க்கவே இல்லை. பழைய போர்டை எடுத்துத் தனியாக ஓட்டிப் பார்த்தாரா? அதையும் எழுதவில்லை.

போர்டை மாற்றுவதற்கு முன் செய்து பார்க்க வேண்டியவை சில உண்டு. ராம் ஒன்றை மட்டும், புராசசரிலிருந்து இரண்டாவது துளையில், ‘க்ளிக்’ என்று சத்தம் வரும்வரை அழுத்திப் பார்ப்பது. பிளக்கைப் பிடுங்கி, நாணயம்போல் இருக்கும் பேட்டரியைச் சில நிமிடம் கழற்றி வைப்பது. கேஸிலிருந்து பலகையை வெளியே எடுத்து அட்டைப்பெட்டி மேல் வைத்து ஓட்டிப் பார்ப்பது. இவற்றுக்கு ஒரு காசு செலவில்லை. டிடிஆர்5 ராம் போட்ட புதுக் கணினி என்றால் முதல் தடவை படம் வரச் சில நிமிடங்கள் ஆகலாம். பொறுமையில்லாமல் அணைத்து அணைத்துப் போட்டால் வரவே வராது.

ஈரக்காற்று வாதத்துக்கு வருவோம். ஈரத்தில் மின்னணுப் பொருளைப் பெரும்பாலும் கெடுப்பது அதன்மேல் படியும் நீர்த்துளி. ஓடும் கணினி சுற்றியுள்ள காற்றைவிடச் சூடாக இருப்பதால், அதன்மேல் துளி படியாது. குளிர்ந்த பொருளை வெக்கையான ஈரக்காற்றில் வைத்தால்தான் படியும். அப்படியானால் ஆபத்து எங்கே? பிரிஞ்சாங் குளிரில் இருந்த கணினியை ஏர்கண்டிஷன் போட்ட காரில் ஏற்றி, சிம்பாங் பூலாய் வழியாக ஈப்போவுக்கு இறக்கி, அந்த வெக்கையில் உடனே திறந்து ஆன் செய்கிற நேரத்தில்தான். எதற்கெடுத்தாலும் கீழே கொண்டுபோகச் சொல்லும் கட்டுரையாளர், தான் பயமுறுத்தும் ஈரத்துக்கு நேராகவே பிள்ளைகளை அனுப்புகிறார். இடி மின்னலைப் பற்றி அவர் சொன்னது மட்டும் சரி. மழை இருட்டும்போது பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.

தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இந்த நுணுக்கமெல்லாம் வராது என்ற தொனியைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. 1929இல் ஜே.ஏ. ரஸ்ஸல் ‘போ’ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கிய காலத்திலிருந்து, இந்த மலையில் கொழுந்து பறித்ததிலும் அதை வாட்டி, உருட்டி, காயவைக்கும் ஆலைகளை ஓட்டியதிலும் தமிழர் உழைப்பு இருக்கிறது. உருட்டும் இயந்திரம் நின்றுபோனால் ஆலை பிட்டர் முதலில் பியூசைப் பார்ப்பார், பிறகு பெல்ட், பிறகு சுவிட்ச். மோட்டார் எரிந்துவிட்டது என்று எடுத்ததும் சொல்ல மாட்டார். அவருடைய பிள்ளைக்குக் கணினிப் பழுது புரியாது என்று யார் சொன்னது? 1972இல் இன்டெல் தன் முதல் வெளிநாட்டு ஆலையைப் பினாங்கில் திறந்தபோது அங்கே சில்லுகளைப் பொருத்தியவர்கள் பெரும்பாலும் சாதாரணக் குடும்பத்துப் பெண்கள். இந்த நாட்டில் அரை நூற்றாண்டுக்கும் மேலாக நடக்கும் வேலை இது.

நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட். சாதாரண மதர்போர்டுக்கே அதில் நானூறு, ஐந்நூறு போய்விடும். அப்படிப்பட்ட வீட்டில் தேவையில்லாத ஒரு போர்டை வாங்கவைப்பது எனக்குச் சின்னத் தவறாகத் தெரியவில்லை. மலைவாழ் பெற்றோர்களே, போர்டு போய்விட்டது என்று யாராவது சொன்னால், எந்த விளக்கு எரிந்தது, எந்தெந்தப் பாகத்தை மாற்றிப் போட்டுப் பார்த்தீர்கள் என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் காசு கொடுக்காதீர்கள். மாற்றித்தான் ஆக வேண்டும் என்றாலும் பழைய போர்டைக் கையோடு திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள்.