ஏஜென்டா, நேரடி புக்கிங்கா? "ஆல் இன்க்ளூசிவ்" என்ற ஒற்றை நம்பரை வாங்காதீங்க



போனஸ் மாசம் வந்தா போதும், எனக்கு வர்ற கேள்விகள்ல பாதி இப்படித்தான் இருக்கும்: "அப்பா அம்மாவைக் கூட்டிட்டு சிங்கப்பூர் யூனிவர்சல் ஸ்டுடியோஸ் போகணும். டிராவல் ஏஜென்ட்கிட்ட கொடுத்துடலாமா, நாமளே புக் பண்ணிக்கலாமா? எது சீப்?"

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். ஃபிளைட், ஹோட்டல், பார்க் டிக்கெட் மூணையும் நீங்களே புக் பண்ணுங்க. விசாவுக்கு ஏஜென்ட்கிட்ட போங்க. முழு பேக்கேஜ் எடுக்கறதுக்கும் நியாயமான காரணங்கள் இருக்கு, அதையும் கீழே சொல்றேன். ஆனா எந்த வழியில போனாலும், "தலைக்கு இவ்வளவு, எல்லாம் சேர்த்து" என்ற ஒரே ஒரு நம்பரைப் பார்த்து அட்வான்ஸ் கட்டாதீங்க. அந்த நம்பரைப் பிரிச்சுப் பார்க்காம எது சீப்னு யாராலும் சொல்ல முடியாது.

அமெரிக்க வீடியோ பார்த்து முடிவு எடுக்காதீங்க

யூடியூப்ல டிஸ்னி வேர்ல்ட் பத்தி அமெரிக்காக்காரங்க போடற வீடியோல "ஏஜென்ட் ஃப்ரீ, அவரையே யூஸ் பண்ணுங்க"ன்னு சொல்வாங்க. அவங்க ஊருக்கு அது சரி. அங்கே ஏஜென்டுக்கு கமிஷன் கொடுக்கறது டிஸ்னி. நேரடியா வாங்கினாலும், ஏஜென்ட் மூலமா வாங்கினாலும் பெரும்பாலும் அதே விலைதான்.

நம்ம ஊர்ல பேக்கேஜ் வியாபாரம் வேற மாதிரி. ஏஜென்ட் ஹோட்டல், டிக்கெட், பஸ் எல்லாத்தையும் மொத்த விலைக்கு வாங்கி, தன் லாபத்தைச் சேர்த்து, ஒரே விலையா உங்களுக்கு விக்கறார். இதுல தப்பு எதுவும் இல்லை, மளிகைக் கடையும் அப்படித்தான் நடக்குது. ஆனா மளிகை பில்லுல துவரம்பருப்பு எவ்வளவு, எண்ணெய் எவ்வளவுன்னு தனித்தனியா இருக்கும். பேக்கேஜ் கொட்டேஷன்ல அது இருக்காது.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம்

நாலு பேர், நாலு இரவு, ரெண்டு ரூம். கீழே இருக்கறது எல்லாம் கணக்குக்காக நான் வெச்சுக்கிட்ட நம்பர்கள். உங்க தேதிக்கு உண்மையான விலையைப் போட்டுக்கோங்க.

நீங்களே புக் பண்ணா:
- ஃபிளைட்: ₹1,12,000
- ஹோட்டல்: ₹88,000
- யூனிவர்சல் டிக்கெட்: ₹22,000
- மற்ற இடங்களுக்கான டிக்கெட்: ₹30,000
- விசா, ஏஜென்ட் சார்ஜ் சேர்த்து: ₹14,000
- உள்ளூர் போக்குவரத்து: ₹12,000
- மொத்தம்: ₹2,78,000

இதோட நிறுத்தாதீங்க. ஹோட்டல், டிக்கெட், போக்குவரத்து எல்லாம் சிங்கப்பூர் டாலர்ல கார்டு தேய்க்கறீங்கன்னு வைங்க. நிறைய கிரெடிட் கார்டுகள்ல ஃபாரக்ஸ் மார்க்அப் 3.5%, அதுமேல 18% ஜிஎஸ்டி. ஆக 4.13%. ₹1,52,000 மேல இது கிட்டத்தட்ட ₹6,280. உங்க உண்மையான செலவு ₹2,84,280. மார்க்அப் குறைவா இருக்கற கார்டு வெச்சிருந்தா இது குறையும். அங்கே கடையில "ரூபாய்ல சார்ஜ் பண்ணவா?"ன்னு மெஷின் கேட்டா, வேண்டாம்னு சொல்லி சிங்கப்பூர் டாலரையே தேர்ந்தெடுங்க. ரூபாய்ல போட்டா அவங்க வைக்கற ரேட் உங்களுக்குப் பாதகமாத்தான் இருக்கும்.

இப்போ ஏஜென்ட் பக்கம். கொட்டேஷன் ₹3,10,000, வரி தனி.
- பேக்கேஜ்: ₹3,10,000
- ஜிஎஸ்டி 5%: ₹15,500
- ரெண்டும் சேர்த்து: ₹3,25,500
- அதுமேல டிசிஎஸ் 5% (2025-26 விகிதம்): ₹16,275
- நீங்க கட்டற தொகை: ₹3,41,775

நிறைய பேர் இங்கே ₹3,41,775ஐயும் ₹2,78,000ஐயும் ஒப்பிட்டு "₹64,000 ஏமாத்தறாங்க"ன்னு கோபப்படறாங்க. அது தப்புக் கணக்கு. டிசிஎஸ் உங்களுக்குத் திரும்பி வர்ற பணம். ஃபாரக்ஸ் சார்ஜ் நேரடி புக்கிங்லயும் இருக்கு. சரியான வித்தியாசம் ₹3,25,500 கழித்தல் ₹2,84,280, அதாவது சுமார் ₹41,000.

கைக்கு ₹60,000 சம்பளம் வர்ற ஒருத்தருக்கு ₹41,000 என்பது 20 நாள் உழைப்பு. இப்போ கேள்வி தெளிவா இருக்கு: ஏஜென்ட் செய்யப்போற வேலை, உங்க 20 நாள் சம்பளத்துக்குத் தகுமா?

டிசிஎஸ்: திரும்பி வரும், ஆனா தானா வராது

2025-26 நிதியாண்டுல, வெளிநாட்டு டூர் பேக்கேஜுக்கு ₹10 லட்சம் வரை 5%, அதுக்கு மேல 20% டிசிஎஸ் இருந்தது. இந்த விகிதம் 2020ல வந்ததுல இருந்து பல தடவை மாறியிருக்கு. அதனால பணம் கட்டற அன்னைக்கு என்ன விகிதம்னு பார்த்துக்கோங்க.

எது "பேக்கேஜ்"? 2023 ஜூன்ல சிபிடிடி ஒரு சர்க்குலர்ல தெளிவா சொல்லிடுச்சு. வெளிநாட்டு ஃபிளைட், ஹோட்டல், அந்த மாதிரி மற்ற செலவு, இதுல குறைஞ்சது ரெண்டு சேர்ந்தாதான் பேக்கேஜ். வெறும் ஃபிளைட் மட்டும் ஏஜென்ட்கிட்ட வாங்கினா டிசிஎஸ் கிடையாது. வெறும் ஹோட்டல் மட்டும்னாலும் கிடையாது.

இப்போ சம்பளக்காரங்க மாட்டிக்கற இடத்தைச் சொல்றேன். புது வரி முறையில, 2025-26ல சம்பளம் ₹12.75 லட்சம் வரை இருந்தா வரி பூஜ்யம். "எனக்குத்தான் வரியே இல்லையே, ஐடிஆர் எதுக்கு?"ன்னு நிறைய பேர் விட்டுடறாங்க. பேக்கேஜ் வாங்கிட்டு ஐடிஆர் போடலைன்னா, அந்த ₹16,275 அரசாங்கத்துகிட்டயே இருக்கும். கேட்டாத்தான் ரீஃபண்ட்.

உங்களுக்கு சம்பளத்துல டிடிஎஸ் பிடிக்கறாங்கன்னா இன்னொரு வழி இருக்கு. இந்த டிசிஎஸ் விவரத்தை பேரோல் டீம்கிட்ட சொல்லுங்க. மீதி மாசங்கள்ல டிடிஎஸ்ஸை அதுக்கேத்த மாதிரி குறைப்பாங்க. 2024 அக்டோபர்ல இருந்து இந்த வசதி இருக்கு, பலருக்குத் தெரியலை.

ஒரு எச்சரிக்கை: இன்வாய்ஸ்ல யார் பான் நம்பர் போகுதுன்னு பாருங்க. பணம் கட்டறது நீங்க, பான் ரிட்டயர் ஆன அப்பாவுடையதுன்னு ஆனா, கிரெடிட் அவர் பேர்ல போய் உட்காரும். அப்புறம் அதை எடுக்க அவர் ஐடிஆர் போடணும்.

பார்க் நாளைத் தனியா யோசிங்க

பணத்தை விட அதிகமா நீங்க இழக்கறது இங்கேதான். தீம் பார்க்ல நீங்க வாங்கறது நேரம். கேட் திறந்ததும் முதல் ஒன்றரை மணி நேரம் வரிசை சின்னதா இருக்கும், பெரிய ரைடு எல்லாம் அப்போ முடிச்சுடலாம். மதியம் அதே ரைடுக்கு வெயில்ல காத்துக் கிடக்கணும்.

குறைஞ்ச விலை பேக்கேஜ்ல போக்குவரத்து "எஸ்ஐசி"ன்னு போட்டிருக்கும். சீட் இன் கோச். அதாவது பல ஹோட்டல்ல நின்னு ஆட்களை ஏத்திக்கிட்டுப் போற பொது வண்டி. அது கிளம்பற நேரம், திரும்பற நேரம் எதுவும் உங்க கையில இல்லை. கேட் திறந்த அப்புறம் இறக்கிவிட்டா, நீங்க காசு கொடுத்து வாங்கின நல்ல நேரம் பஸ்லயே போயிடும்.

நீங்களே போறது ஒண்ணும் கஷ்டம் இல்லை. லிட்டில் இந்தியால தங்கினா, நார்த் ஈஸ்ட் லைன்ல ஏறி மாறாம ஹார்பர்ஃபிரன்ட் வரை போகலாம். அங்கே விவோசிட்டி மால்ல செந்தோசா எக்ஸ்பிரஸ், 4 சிங்கப்பூர் டாலர், திரும்பி வர கட்டணம் இல்லை. ரிசார்ட்ஸ் வேர்ல்ட் ஸ்டாப்ல இறங்கினா பார்க் நடந்து போற தூரம்.

அடுத்தது, எல்லாருக்கும் ஒரே டிக்கெட் என்ற பேக்கேஜ் பழக்கம். ரோலர் கோஸ்டர் ஏறாத அம்மாவுக்கும் முழு நாள் யூனிவர்சல் டிக்கெட் எதுக்கு? பக்கத்துலயே 2025 ஜூலைல திறந்த சிங்கப்பூர் ஓஷனேரியம் இருக்கு. அவங்க ரெண்டு பேரும் அங்கே நிதானமா மீன் பார்க்கட்டும், நீங்க ரைடு போங்க, மதியச் சாப்பாட்டுக்குச் சேர்ந்துக்கலாம். தனித்தனியா வாங்கினாத்தான் இப்படிப் பிரிச்சுக்க முடியும். எக்ஸ்பிரஸ் பாஸும் தனி விலை. பேக்கேஜ்ல "யூனிவர்சல் டிக்கெட்"னு மட்டும் போட்டிருந்தா அது சேரலைன்னு அர்த்தம்.

அப்போ ஏஜென்ட் எதுக்கு?

ஏஜென்ட் வேண்டவே வேண்டாம்னு நான் சொல்ல மாட்டேன். நாலு இடத்துல அவருக்கு வேலை இருக்கு.

ஒண்ணு, விசா. நம்ம பாஸ்போர்ட்டுக்கு சிங்கப்பூர் விசா வேணும். இந்தியால இருந்து பொதுவா அங்கீகரிக்கப்பட்ட விசா ஏஜென்ட் மூலமாத்தான் அப்ளை பண்ணணும். அரசாங்கக் கட்டணம் 30 சிங்கப்பூர் டாலர், மேல இருக்கறது ஏஜென்டோட சார்ஜ். நாலு பேர்கிட்ட விலை கேளுங்க. ஆனா எஸ்ஜி அரைவல் கார்டு வேற, அது இலவசம். அதுக்குக் காசு கேக்கற வெப்சைட்டைப் பார்த்தா உடனே மூடிடுங்க.

ரெண்டு, சீசன் டைம். ஸ்கூல் லீவு, வருஷக் கடைசி மாதிரி நேரங்கள்ல ஏஜென்ட் முன்கூட்டியே ரூம் பிடிச்சு வெச்சிருப்பார். அவரோட ஹோட்டல் ரேட் உங்களுக்குக் கிடைக்கறதை விட உண்மையிலேயே குறைவா இருக்கலாம்.

மூணு, நீங்க கூடப் போகலைன்னா. அப்பா அம்மா மட்டும் போறாங்க, ரெண்டு பேருக்கும் ஸ்மார்ட்ஃபோன் அவ்வளவா பழக்கம் இல்லைன்னா, அந்த ₹41,000ஐ மனசாரக் கொடுங்க. ஏர்போர்ட்ல பேர் எழுதின போர்டோட ஒருத்தர் நிக்கறதுக்கு அது நியாயமான விலை.

நாலாவது, பிரச்சினை வந்தா யார்கிட்ட போறதுங்கறது. நீங்களே புக் பண்ணும்போது ஃபிளைட் ஒரு ஒப்பந்தம், ஹோட்டல் ஒரு ஒப்பந்தம், தேதி போட்ட பார்க் டிக்கெட் ஒரு ஒப்பந்தம். ஃபிளைட் ஒரு நாள் தள்ளிப்போனா மத்த ரெண்டும் உங்களுக்காகக் காத்திருக்காது. அந்த நஷ்டம் உங்க தலையில. உள்ளூர் ஏஜென்ட்னா, சொன்னதைச் செய்யலைன்னு 1915 நுகர்வோர் ஹெல்ப்லைன்ல புகார் பண்ணலாம். நீங்க இருக்கற ஊர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். நீங்க கொடுத்த தொகை ₹5 லட்சம் வரைன்னா அங்கே ஃபீஸ் கூட கிடையாது. வெளிநாட்டு வெப்சைட் மேல இதைச் செய்யறது சுலபமில்லை. நேரடியா புக் பண்றவங்க ரத்து செய்யக்கூடிய ஹோட்டல் ரேட்டையும், ஒரு டிராவல் இன்ஷூரன்ஸையும் எடுக்கணும்னு நான் சொல்றது இதனாலதான்.

அட்வான்ஸுக்கு முன்னாடி அஞ்சு கேள்வி

1. ஃபிளைட், ஹோட்டல், டிக்கெட், வண்டி, விசா எல்லாத்துக்கும் தனித்தனி விலை கொடுக்க முடியுமா?
2. ஹோட்டல் பேர் என்ன? "அல்லது அதற்கு இணையான ஹோட்டல்" என்ற வரியை எடுப்பீங்களா?
3. வண்டி எஸ்ஐசியா, பிரைவேட்டா?
4. எந்தத் தேதிக்குள்ள ரத்து பண்ணா எவ்வளவு திரும்பும்? விசா கிடைக்கலைன்னா?
5. கம்பெனி அக்கவுன்ட்ல பணம் வாங்கி, ஜிஎஸ்டி இன்வாய்ஸ் கொடுப்பீங்களா?

பதில் எல்லாம் மெயில்ல வரணும், ஃபோன்ல சொன்னது கணக்குல வராது. முதல் கேள்விக்கே "அப்படியெல்லாம் பிரிக்க முடியாது"ன்னு சொன்னா, அங்கேயே எழுந்து வந்துடுங்க. லாபத்தை மறைக்கறது அவர் உரிமையா இருக்கலாம். எதை வாங்கறோம்னே தெரியாம பணம் கட்ட உங்களுக்கு எந்தக் கட்டாயமும் இல்லை.

கடைசியா, இஎம்ஐ

ஒற்றை நம்பருக்குப் பின்னாடியே "நோ காஸ்ட் இஎம்ஐ" வரும். அதுல வட்டியை டிஸ்கவுன்ட்டா காட்டுவாங்க, ஆனா வட்டி மேல வர்ற 18% ஜிஎஸ்டியும் பிராசஸிங் ஃபீஸும் உங்களுடையது. டிஸ்கவுன்ட்டுக்கு இடம் இருக்குன்னா, ரொக்கமா கட்டும்போதே அதைக் கேளுங்க.

மேல போட்ட ₹2,84,280 மாதிரி ஒரு பயணத்துக்கு மாசம் ₹16,000 வீதம் 18 மாசம் ஆர்டி போட்டா அசலே ₹2,88,000 சேர்ந்துடும். ரைடு முடிஞ்சு வீட்டுக்கு வந்த அப்புறமும் ஒரு வருஷம் அதுக்கு இஎம்ஐ கட்டறதை விட இது எவ்வளவோ நிம்மதி.

உங்ககிட்ட இப்போ ஒரு பேக்கேஜ் கொட்டேஷன் இருந்தா, ஒரு பேப்பர் எடுத்து அதை ஆறு வரியா பிரிச்சு எழுதுங்க. எழுத முடியாத வரி எதுன்னு கண்டுபிடிச்சு, நாளைக்கே ஏஜென்டுக்கு ஃபோன் போடுங்க. டிசிஎஸ் ரீஃபண்டை ஐடிஆர்ல எப்படிக் கேக்கறதுன்னு சேனல்ல தனி வீடியோவா போடறேன். அதுவரைக்கும் இன்வாய்ஸைப் பத்திரமா வைங்க.