பாலைவனத்துச் சூது நகரும் நமது மலை யாத்திரையும்

ஜொகூர்த் தமிழர்களிடையே யாத்திரை என்றால், முன்பெல்லாம் தைப்பூசத்துக்குப் பத்துமலைக்கோ, மாசி மகத்துக்கு மலாக்காவுக்கோ போய்வருவது என்றே பொருள். அந்த யாத்திரைகளைக் குறித்து நமக்குள்ள அபிப்பிராயம் வேறு. அதைப் பேச இங்கே வரவில்லை. இப்பொழுது நாம் அறிந்த வட்டாரங்களில் நம் வாலிபர்களும், அவர்களைப் பார்த்து நடுவயதினரும் புதிதாக ஒரு யாத்திரையை ஏற்படுத்திக்கொண்டிருக்கிறார்கள். படுக்கையும் அடுப்பும் குளிர்ப்பெட்டியும் உள்ளேயே அமைந்த கேரவன் என்னும் வீட்டு வண்டியை நாலைந்து பேர் கூடி வாடகைக்குப் பேசுகிறார்கள். வெள்ளிக்கிழமை மாலையில் புறப்பாடு. ஸ்கூடாய், கூலாய், ஆயர் ஈத்தாம், யோங் பெங் எனச் செம்பனைக் காடுகளின் நடுவே வண்டி ஓடுகிறது. கோலாலம்பூரையும் தாண்டி, ஏறக்குறைய 6,000 அடி உயரத்திலுள்ள கெந்திங் மலையில் போய் நிற்கிறது. இதற்குக் "குடும்ப உல்லாசப் பிரயாணம்" என்று பெயர். அந்த வண்டிகளில் குடும்பம் இருந்ததை நாம் பார்த்ததில்லை.

இந்த நாகரிகம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், அமெரிக்காவிலிருந்து வந்தது என்று பெருமையாகச் சொல்லுகிறார்கள். அங்கே லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தார் இப்படிப்பட்ட வீட்டு வண்டிகளில் மோஹாவி என்னும் பாலைவனத்தைக் கடந்து, லாஸ் வேகாஸ் என்னும் சூது நகரத்துக்குப் போகிறார்களாம். அது ஏறக்குறைய 430 கிலோமீட்டர். ஜொகூர் பாருவிலிருந்து கெந்திங் மலைக்கு ஏறக்குறைய 380 கிலோமீட்டர். தூரம் கிட்டத்தட்ட ஒத்திருக்கிறது, நோக்கமும் ஒத்திருக்கிறது, ஒவ்வாதது சம்பளம் ஒன்றுதான்.

அந்தப் பாலைவன நகரத்தின் சரித்திரத்தை நம் தோட்டத் தோழர்கள் சற்றே கவனிக்க வேண்டும். 1931ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் நெவாடா மாநிலம் சூதாட்டத்தைச் சட்ட சம்மதமாக்கிற்று. அதே ஆண்டில் கொலராடோ ஆற்றின் குறுக்கே, பின்னாளில் ஹூவர் அணை என்று பெயர்பெற்ற பேரணையைக் கட்டத் தொடங்கினார்கள். 5,000 பேருக்கு மேல் அங்கே கூலி வேலை செய்தனர். அவர்கள் குடியிருக்க அமெரிக்க சர்க்கார் போல்டர் சிட்டி என்றொரு ஊரை நிர்மாணித்து, அந்த ஊருக்குள் மதுவும் சூதும் கூடாது என்று உத்தரவு போட்டது. மெத்தச் சரி. ஆனால் சம்பள நாளன்று தொழிலாளி என்ன செய்தான்? ஏறக்குறைய 40 கிலோமீட்டர் போய் லாஸ் வேகாசில் பணத்தை வைத்துவிட்டுத் திரும்பினான். ஊரும் யோக்கியமாக இருந்தது, சூதுக்காரன் பெட்டியும் நிறைந்தது, கூலிக்காரன் பை மாத்திரம் காலியாயிற்று. அந்தப் போல்டர் சிட்டியில் இன்றைக்கும் சூதாட்டத்துக்குத் தடை உண்டு.

சூதுக் கூடத்தைத் தன் வீட்டு வாசலில் வைத்துக்கொள்ள யாரும் விரும்புவதில்லை. அடுத்த வீட்டான் தன் கூடத்துக்கு வருவதை மட்டும் யாரும் வேண்டாமென்பதில்லை. இதற்கு அமெரிக்காவரை போவானேன்? நம் ஜொகூர் நீரிணையே போதும். சிங்கப்பூரில் ஆங்கில சர்க்கார் சூதாட்டக் குத்தகையை 1829இல் ஒழித்துவிட்டது. இக்கரையிலோ மிளகும் காசுக்கட்டியும் பயிரிட்ட சீனக் குடியேற்றங்களில் காங்சூ என்னும் ஆற்றுத் தலைவர்களுக்குச் சூது, அபின், சாராயம், அடகுக் கடை ஆகிய உரிமைகள் சேர்த்தே கொடுக்கப்பட்டிருந்தன. அந்த முறை 1917இல்தான் சட்டப்படி ஒழிந்தது. தோட்டக் கூலி பெற்ற காசு, பெற்ற இடத்திலேயே முதலாளியிடம் திரும்பிச் சேர்ந்துவிடும் ஏற்பாடு அது. ஜொகூர் பாருவின் சூதாட்டக் கடைகளுக்கு அக்காலத்தில் சிங்கப்பூர்க்காரர்களும் நீரிணையைக் கடந்து வந்து போனார்கள்.

இப்பொழுது சக்கரம் திரும்பிவிட்டது. 2010ஆம் ஆண்டு சிங்கப்பூரில் இரண்டு பெரிய சூதுக் கூடங்கள் திறக்கப்பட்டன. செந்தோசாத் தீவிலுள்ளது கெந்திங் கம்பெனியாருடையது. மரினா பே கரையிலுள்ளது லாஸ் வேகாஸ் கம்பெனியாருடையது. நம் மலைக் கம்பெனியாரும் சும்மா இருக்கவில்லை. 2021இல் லாஸ் வேகாசிலேயே ஒரு கூடத்தைத் திறந்துவிட்டனர். பாலைவனத்துக்காரன் இங்கே, மலைக்காரன் அங்கே!

சிங்கப்பூர் சர்க்கார் தன் பிரஜைகளும் நிரந்தரவாசிகளும் கூடத்தில் நுழைய வேண்டுமானால் 24 மணி நேரத்துக்கு 100 சிங்கப்பூர் வெள்ளி கட்ட வேண்டும் என்று விதித்தது. 2019இல் அதை 150 ஆக உயர்த்திற்று. குடும்பத்தார் விண்ணப்பித்து, சூதாடும் கணவனையோ மகனையோ கூடத்துக்குள் விடாமல் தடுக்கவும் அங்கே வழி இருக்கிறது. தன் பிள்ளைகள் கெட்டுப்போகக் கூடாது என்ற கவலை அந்த சர்க்காருக்கு இருப்பதை நாம் பாராட்டுகிறோம். ஆனால் கடற்பாலத்தைக் கடந்து தினமும் வேலைக்குப் போகும் ஜொகூர்க்காரன் அந்நியன். அவனுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. கடவுச்சீட்டைக் காட்டினால் கதவு திறக்கும். வேலி தன் பயிருக்கு, மேய்வது அடுத்தவன் காடு என்பது இதுதானே?

சரி, நம் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது? 1953ஆம் ஆண்டுப் பொதுச் சூதாட்ட விடுதிச் சட்டப்படி சூதாட்ட விடுதி நடத்துவது குற்றம். நிதியமைச்சர் அனுமதி கொடுத்தால் குற்றமல்ல! லயத்துக் கோடியில் நான்கு பேர் சீட்டைப் போட்டு உட்கார்ந்தால் போலீஸ் வருகிறது. மலை மேல் ஆயிரம் பேர் உட்கார்ந்தால் அது சுற்றுலாத் தொழில். லிம் கோ தோங் என்னும் கட்டட ஒப்பந்தக்காரர் காட்டை வெட்டிச் சாலை போட்டு மலைமேல் ஏறினார்; 1969இல் அனுமதி கிடைத்தது; 1971இல் முதல் விடுதி திறந்தது. அவருடைய உழைப்பையும் துணிவையும் நாம் குறை கூறவில்லை. அந்தத் துணிவுக்குக் கூலி கொடுப்பது யார் என்பதே நம் கேள்வி. முஸ்லிம்களுக்குச் சூது ஷரியா சட்டப்படி குற்றம். அவர்கள் அக்கூடத்துள் நுழைய முடியாது. ஆக, இந்நாட்டில் ஒரு சாராரை அவர்களுடைய சட்டம் காக்கிறது. சிங்கப்பூர்ப் பிரஜையை அந்நாட்டுக் கட்டணம் காக்கிறது. ஜொகூர்த் தோட்டத் தமிழனை இங்கேயும் அங்கேயும் காக்க எவருமில்லை. தன்னைத் தானே காத்துக்கொள்ள வேண்டியவன், வண்டிக்கு முன்பணம் கட்டிக்கொண்டிருக்கிறான்.

இதையெல்லாம் காதால் கேட்டு எழுதவில்லை. இப்படியொரு வண்டியில் நாமும் ஒருமுறை போனோம், மறைப்பானேன்? எங்களோடு வந்தவர்களில் ஒருவர் செம்பனைக் குலை வெட்டுபவர், வயது ஐம்பதை நெருங்கியவர். மாச்சாப் ஓய்விடத்தில் தேநீருக்கு நின்றபோது கைப்பேசியை எடுத்துக் காட்டினார். ஊழியர் சேமநிதியில் 2024 மே மாதம் முதல் மூன்றாம் கணக்கு என்று ஒன்று வைத்து, 55 வயதுக்குட்பட்டோர் அதிலுள்ளதை வேண்டும்போது எடுத்துக்கொள்ளலாம் என்று செய்திருக்கிறார்களல்லவா? அதிலிருந்து 700 வெள்ளி அவர் வங்கிக் கணக்குக்கு வந்து சேர்ந்திருந்தது. "வீட்டுக்குத் தெரியாதுங்க ஐயா. இரட்டிப்பாக்கி அப்படியே திருப்பிப் போட்டுடுவேன்" என்றார். திருப்பிப் போட்டுவிடுவாராம்!

விடியற்காலை 5 மணிக்கு அவர் கூடத்திலிருந்து வெளியே வந்தார். மலைக் குளிரில் கையில்லாச் சட்டையோடு வண்டிப் படியில் உட்கார்ந்துகொண்டு, கைப்பேசியில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளைகளின் படமாக இருக்கும் என்று எண்ணி எட்டிப் பார்த்தோம். மூன்றாம் கணக்கில் இன்னும் எவ்வளவு மிச்சம் என்று பார்த்துக்கொண்டிருந்தார். 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. 26 நாள் வேலை என்று கணக்கிட்டால் நாளொன்றுக்கு 65 வெள்ளி. அந்த 700 வெள்ளிக்கு அவர் ஏறக்குறைய பதினொரு நாள் வெயிலில் அண்ணாந்து நின்று குலை வெட்ட வேண்டும்.

இறங்கும்போது வண்டியோட்டிய வாலிபரும் இரவு முழுதும் கண் விழித்தவர்தாம். 2013 ஆகஸ்டு 21ஆம் நாள் அதே மலைச்சாலையில் ஒரு பேருந்து பள்ளத்தில் விழுந்து 37 பேர் மாண்டது வளைவுக்கு வளைவு நம் நினைவில் வந்தது. பின்னால் இருந்தவர்கள் நிம்மதியாகத் தூங்கினார்கள்.

"அதிர்ஷ்டம் இருந்தால் வரும்" என்பவர்களுக்கு ஒரு சிறு கணக்கு. ரூலெட் என்னும் சுழல் சக்கரத்தில், அமெரிக்க முறைப்படி 38 குழிகள். ஒவ்வொரு குழிக்கும் ஒரு வெள்ளி வைத்து 38 வெள்ளியும் வைத்துவிடுங்கள். எந்தக் குழியில் உருண்டை விழுந்தாலும் நீங்கள் ஜெயித்தவர்தாம். உங்கள் கைக்கு வருவது உங்கள் ஒரு வெள்ளியும் பரிசு 35 வெள்ளியுமாக 36. மீதி இரண்டு வெள்ளி எங்கே? அதுதான் மலைமேல் மாளிகையாக நிற்கிறது. ஏமாற்று இல்லை, மந்திரம் இல்லை, வெளிப்படையான கணக்கு. ஒற்றைச் சுழியுடைய சக்கரத்தில் குழிகள் 37. அங்கே இரண்டுக்குப் பதில் ஒரு வெள்ளி போகும். "நூற்றுக்கு ஐந்துதானே போகிறது" என்று ஒரு பட்டதாரி நம்மிடம் வாதாடினார். நூற்றுக்கு ஐந்து போவது நீங்கள் கொண்டுபோன பணத்தில் அன்று, வைத்த பந்தயங்கள் அத்தனையின் கூட்டுத்தொகையில். மணிக்கு 40 சுற்று, சுற்றுக்கு 10 வெள்ளி என்று பத்து மணி நேரம் ஆடுகிறவன் 4,000 வெள்ளியைப் பந்தயமாக வைக்கிறான். அதில் சராசரியாக 210 வெள்ளி கம்பெனிக்கு. ஒருவன் ஒரு நாள் ஜெயிக்கலாம். அவனைப் பார்த்து அடுத்த வாரம் பத்துப் பேர் வண்டி ஏறுவார்கள். ஜெயித்தவனைவிட அந்தக் கம்பெனிக்கு உத்தமமான விளம்பரம் வேறில்லை.

"என் பணம், நான் ஆடுகிறேன், உமக்கென்ன?" என்று கேட்பார்கள். சேமநிதிப் பணம் அவன் ஒருவனுடைய பணமா? அதிகாலை நான்கு மணிக்கு எழுந்து அவனுக்குச் சோறு கட்டிக்கொடுத்தவளுக்கு அதில் பங்கில்லையா? மனைவியையே பகடையில் வைத்து இழந்தவனுக்குத் "தருமன்" என்று பட்டம் கொடுத்து, அக்கதையைக் கோயிலில் வைத்துப் பாடும் சமூகத்தில் இந்தக் கேள்வி எளிதில் ஏறாது என்பது நமக்குத் தெரியும். வள்ளுவர் கள்ளுண்ணாமையை அடுத்துச் சூதை வைத்தார்; சூதுக்கு அடுத்த அதிகாரம் மருந்து. அந்த வரிசை தற்செயலோ என்னவோ! நம்மவர்களோ மேடையில் குறள் ஒப்புவித்துவிட்டு, சாமியாடியிடம் நாலு நம்பர் கேட்டு வரிசையில் நிற்கிறார்கள்.

நம் முன்னோர் இவ்வளவு கையாலாகாதவர்களாக இருக்கவில்லை. 1946, 1947ஆம் ஆண்டுகளில் கெடாவில் தொண்டர் படையினர் தோட்டத்துக் கள்ளுக்கடைகளை எதிர்த்து மறியல் செய்தனர், அடியும் பட்டனர். கள்ளுக்கடை தோட்டத்துக்குள்ளேயே இருந்தது. அதனால் அதன் வாசலில் போய் நிற்க முடிந்தது. சூதுக் கூடம் 380 கிலோமீட்டர் தள்ளி, மேகத்துக்குள் இருக்கிறது. அங்கே யார் போய் மறியல் செய்வது? ஆனால் வண்டி புறப்படுவது நம் ஊர்ச் சங்கக் கட்டட வாசலிலிருந்து. முன்பணம் வாங்குவது நம் சங்கக் காரியதரிசி. இளைஞர் நலனுக்கென்று வசூலித்த நிதியிலிருந்து வண்டி வாடகைக்குப் பாதி கொடுத்த ஒரு சங்கத்தையும் நாம் அறிவோம். வருடாந்தரக் கூட்டத்தில் எழுந்து, "இந்தச் செலவு எந்தத் தலைப்பில்?" என்று ஒருவர் கேட்டாரா?

2024 ஏப்ரலில், நம் ஜொகூரிலேயே பாரஸ்ட் சிட்டியில் சூதுக் கூடம் வரப்போகிறது என்று செய்தி பரவிற்று. பிரதமர் அன்வார் இப்ராகிம் அதை மறுத்தார். அந்த இரண்டொரு நாளில் நம்மவர்கள் பலர் கேட்ட கேள்வி, "எப்பொழுது திறப்பார்கள்?" என்பது. திறந்தால் வண்டிச் செலவு மிச்சம் என்று ஒருவர் நம்மிடமே கணக்குச் சொன்னார்.

வரும் பள்ளி விடுமுறைக்கும் வண்டி பேசியாகிவிட்டது. ஆளுக்கு 50 வெள்ளி முன்பணம். நமக்கும் ஓர் இடம் ஒதுக்கியிருப்பதாகத் தகவல் அனுப்பினார்கள். அந்த இடத்தைக் குலை வெட்டுபவருடைய மனைவிக்குக் கொடுக்கும்படியும், முன்பணத்தை நாமே கட்டுவதாகவும் பதில் எழுதினோம். பத்து நாளாயிற்று, காரியதரிசியிடமிருந்து இன்னும் பதில் வரவில்லை.