யானை எங்கே என்று யாருக்குத் தெரிய வேண்டும்?

காட்டில் எந்தக் குறை எழுந்தாலும் இப்போது செயலி ஒன்றே மருந்து. புலிகள் காப்பகங்களின் ரோந்தைப் பதிவுசெய்யும் எம்-ஸ்ட்ரைப்ஸ் மென்பொருள் 2010இல் வந்தது. அதன்பின் ஒன்றன்மேல் ஒன்றாகப் புதியவை வந்துகொண்டேயிருக்கின்றன. கேரளத்தின் பெரியாறு, பரம்பிக்குளம் காப்பகங்களுக்குத் துணை நிற்கும் இலாப நோக்கற்ற அறக்கட்டளைகள் அடுத்த மென்பொருளை வாங்குமுன் ஒன்றைக் கேட்க வேண்டும்: இதில் ஏறும் தகவல் யாரிடம் போய்ச் சேர்கிறது?

2022 புலிக் கணக்கெடுப்பில் நாடெங்கும் கால்நடையாகத் தேடிய தூரம் 6,41,449 கிலோமீட்டர். பூமியைப் பதினாறு முறை சுற்றிவரும் தூரம் அது. நடந்தது செயலி அல்ல, வனக்காவலர்களும் வாட்சர்களும். பரம்பிக்குளத்தின் காடரும் மலசரும், பெரியாற்றின் மன்னானும் பளியரும் தலைமுறைகளாக அறிந்த காடு இது. அவர்கள் கண்ட தடமும் எச்சமும் திரையில் ஏறி டேராடூன், டெல்லி அலுவலகங்களுக்குப் போகின்றன. மலையடிவாரத்தில் வாழை வைத்திருப்பவருக்கு அதில் பங்கில்லை. பதினாறு சுற்று நடந்த நாட்டில், பக்கத்து ஊருக்கு ஒரு சொல் போகவில்லை!

2023 ஏப்ரலில் சின்னக்கானலில் பிடித்துப் பெரியாற்றில் விடப்பட்ட அரிக்கொம்பன் என்ற யானையின் கழுத்தில் ரேடியோ பட்டை இருந்தது. மே 27 அன்று அந்த யானை எல்லை தாண்டித் தமிழ்நாட்டின் கம்பம் தெருக்களில் ஓடியது. பட்டையின் சமிக்ஞை அதிகாரிகளின் திரைக்கானது. தெருவில் நின்றவருக்கு யானையே நேரில் வந்து செய்தி சொன்னது. பரம்பிக்குளத்தை ஒட்டிய வால்பாறையில் இதற்கு நேர்மாறாக நடந்தது. நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் அங்கே எஸ்டேட் மக்களுக்குக் குறுஞ்செய்தி அனுப்பியது, உள்ளூர் கேபிள் டிவியில் அறிவித்தது, யானை நடமாடும் இடங்களில் சிவப்பு விளக்கு எரியவிட்டது. உயிரிழப்பு குறைந்தது. மலிவான கருவிகள்தாம், ஆனால் தகவல் கீழ்நோக்கி வந்தது.

மென்பொருள் இல்லாவிட்டால் போகாத ரோந்தை நோட்டில் எழுதிவிடுவார்கள் என்பது அலுவலகவாசிகளின் பழைய வாதம். ஆனால் ஜிபிஎஸ் கோடு காட்டுவது செல்போன் போன வழியை. கண் பார்த்ததை அல்ல. விலங்கின் இருப்பிடம் வெளியானால் வேட்டைக்காரருக்கு உதவும் என்பது அதைவிடச் சற்றே வலுவான வாதம். ஆனால் புலியின் குகையை யாரும் கேட்கவில்லை. ஊரை நெருங்கும் யானையைத்தான் கேட்கிறோம். யானைக்கு மாநில எல்லை தெரியாது; அந்த எல்லையில் நின்றுவிடும் எந்த மென்பொருளும் இந்தக் காட்டுக்கு வீண்செலவு.

எல்லைக்கு இந்தப் பக்கம், தமிழ்நாட்டில், எத்தனை செல்போன்களுக்கு, எத்தனை நிமிடத்தில், தமிழில் எச்சரிக்கை போகும் என்று விற்க வருபவரிடம் அறக்கட்டளைகள் கேட்கட்டும். பதில் இல்லையென்றால் அந்தப் பணம் வாட்சர்களின் கூலிக்குப் போகட்டும்.