ஊரைச் சொல்லாத முத்திரை

தபால் முத்திரையின் தர்மம், எந்த ஊர், எந்த நாள் என்று சொல்லுவதுதான். யுத்தக் கப்பலின் முத்திரையோ நாளைச் சொல்லும், ஊரைச் சொல்லாது. சேகரிப்பவர்களுக்கு அதில் சுவாரஸ்யம் ஏற்படுவதும் அதனாலேயே.

சென்னைவாசிகளுக்கு 'எம்ட'னைப் பற்றி நாம் சொல்லவேண்டியதில்லை. 1914 செப்டம்பர் 22 இரவு துறைமுகத்தருகே எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டு மறைந்த ஜெர்மன் கப்பல் அது. மயிலாப்பூர்ப் பாட்டிமார், பொல்லாத கெட்டிக்காரனை 'சரியான எம்டன்' என்று சொன்னது அதன் பிறகுதான்.

அந்தக் கப்பலின் மாலுமிகளும் வீட்டுக்குக் கடிதம் எழுதினார்கள். ஜெர்மன் யுத்தக் கப்பல்களிலேயே தபால் வசதி இருந்தது. ஆனால் முத்திரையில் 'ஜெர்மன் கடற்படைக் கப்பல் தபால்' என்ற வாசகமும், தேதியும், ஓர் எண்ணும் மட்டுமே இருக்கும். கப்பலின் பெயர் இராது. ஒரே எண் வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு கப்பல்களுக்கு உரியதாக இருந்ததும் உண்டு. ஆகவே எண்ணையும் தேதியையும் சேர்த்துப் பார்த்தே கப்பலைக் கண்டுபிடிக்கவேண்டும். யுத்தத்துக்கு முன்பு, சீனத்தில் ஜெர்மானியர் வசமிருந்த சிங்தாவ் துறைமுகத்தைத் தளமாகக் கொண்டு எம்டன் உலவிய நாளில் எழுதிய அட்டைகள் இன்றும் சேகரிப்பவர்களிடம் இருக்கின்றன. 1914 நவம்பர் 9-ல் கோகோஸ் தீவருகே ஆஸ்திரேலியக் கப்பலான 'சிட்னி' அதை முறியடித்தது. மாலுமிகளில் 130-க்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்களில் சிலருக்கு அந்த அட்டைகளே கடைசி எழுத்தாக இருந்திருக்கும்.

நமது கடற்படையிலும் மர்மம் இதுவேதான். மும்பை முதலிய இடங்களிலுள்ள கடற்படைத் தபால் நிலையத்தின் பொறுப்பில், பெயரும் கப்பலும் எழுதி அனுப்புகிறோம். கப்பல் எந்தக் கடலில் நின்றாலும் விலாசம் மாறுவதில்லை. மகன் எங்கேயிருக்கிறான் என்பதை உறை சொல்லாது. தாயாரின் நினைவுதான் சொல்லும்.

அதனால் நேயர்களுக்கு ஒரு வேண்டுகோள். தியாகராய நகரிலும் அடையாறிலும் குழந்தைகள் தபால் தலையைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிரித்தெடுக்கிறார்கள். கடற்படை உறையை மட்டும் அப்படிச் செய்ய விடாதீர்கள். தலை பிரிந்தால் முத்திரை பாதியாகிவிடும், விலாசமும் போய்விடும். உறையை முழுசாக வைத்து, எழுதியவர் யார், எந்தக் கப்பல், அப்போது எங்கே இருந்தார் என்பதைத் தனித் துண்டுக் காகிதத்தில் பென்சிலால் குறித்து உடன் வையுங்கள். உறையின் மேல் மையால் எழுதவேண்டாம், பசையும் ஒட்டவேண்டாம்.

முத்திரையின் எண்ணுக்கு எத்தனையோ அட்டவணைகள் கிடைக்கலாம். வீட்டுப் பெரியவரின் ஞாபகத்துக்கு அட்டவணை கிடையாது. அவர் இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்வது நல்லது.