பழைய சிப்பை எடைக்குப் போடப் போறீங்களா? கொஞ்சம் பொறுங்க!

ஒரே எடையுள்ள இரண்டு கல்லுக்கு ஒரே விலை கிடையாது. ரத்தின வியாபாரத்துக்குப் பேர் போன காயல்பட்டினத்தில் இதை யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. நிறம், தெளிவு, எங்கே கிடைத்தது என எல்லாம் பார்த்துத்தான் விலை பேசுவார்கள். பழைய கம்ப்யூட்டர் சிப்புக்கும் இதே கணக்குதான். நாமோ அதை கிலோ கணக்கில் தூக்கிப் போட்டுவிடுகிறோம்.

ஒரு சிப், இரண்டு விலை

முதலாவது, தங்க விலை. பீங்கான் உறையில் வந்த பழைய சிப்புகள் பலவற்றில் தங்க முலாம் உண்டு. 1995-ல் வந்த இன்டெல் பென்டியம் புரோ, ஸ்கிராப் வியாபாரிகளிடம் தங்கத்துக்காகவே பிரபலம். 2020 தொடக்கத்தில் சென்னையில் சுமார் 30,000 ரூபாயாக இருந்த சவரன், 2025 அக்டோபரில் 90,000-ஐத் தாண்டியது. தங்கம் ஏறினால் இந்த சிப்புகளின் ஸ்கிராப் விலையும் ஏறும்.

இரண்டாவது, சேகரிப்பாளர் விலை. 1971 நவம்பரில் அறிமுகமான இன்டெல் 4004, ஜப்பானிய கால்குலேட்டர் ஒன்றுக்காக உருவானது. அதன் வெள்ளைப் பீங்கான் பதிப்புக்கு ஈபேயில் நூற்றுக்கணக்கான டாலர் கொடுக்க ஆள் இருக்கிறது. அதிலுள்ள தங்கத்தின் மதிப்பு இதில் ஒரு சிறு பங்குதான்.

விலை ஏன் மாறுது?

உருக்கிய சிப் திரும்பி வராது. தங்கம் ஏற ஏற அதிகம் உருக்குகிறார்கள்; மிஞ்சுவது அரிதாகிறது. அதற்காகப் பழசெல்லாம் புதையல் இல்லை. லட்சக்கணக்கில் விற்ற சாதாரண பென்டியம் சிப்புக்குப் பெரிய விலை கிடைக்காது. எழுத்தை அழித்து வேறு பெயர் அச்சடித்த போலிகளும் சந்தையில் உண்டு.

நம்ம வரலாறும் கரையுது

மொஹாலியில் அரசின் செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ் 1984-ல் சிப் உற்பத்தியைத் தொடங்கியது. 1989 பிப்ரவரியில் தீ விபத்து அந்த ஆலையைச் சிதைத்தது. இன்று சிப் ஆலைகளுக்குக் கோடிகளைக் கொட்டும் நாடு, தன் ஆரம்பகால முயற்சியின் சாட்சிகளை ஆசிடில் கரையவிடுவது சரியா? அந்த ஆசிட் புகை, அதைச் செய்யும் தொழிலாளியின் நுரையீரலையும் விட்டுவைக்காது.

என்ன செய்யலாம்?

எடைக்குப் போடும் முன் சிப்பின் மேல் உள்ள எழுத்தைப் படிங்க. பெயரும் எண்ணும் தெளிவாகத் தெரியும்படி போட்டோ எடுங்க. கால்களை வளைக்காதீங்க, சுரண்டாதீங்க. ஈபேயில் கேட்கும் விலையை நம்பாமல், விற்று முடிந்த விலையைப் பாருங்க. சாதாரண சிப்தான் என்று தெரிந்தால், பதிவு பெற்ற மின்கழிவு மறுசுழற்சி நிறுவனத்திடம் கொடுங்க.

பொறியியல் கல்லூரிகளும் ஒரு வேலை செய்யலாம். ஆய்வகத்தின் பழைய போர்டுகளை மொத்தமாக ஏலம் விடும் முன், ஒவ்வொரு வகையிலும் ஒன்றை எடுத்து வைக்கட்டும். அதற்கு ஒரு கண்ணாடி அலமாரி போதும். தங்கத்தை எப்போது வேண்டுமானாலும் கடையில் வாங்கலாம். கரைத்த சிப்பை எங்கே போய் வாங்குவது?