மலைப்பும் இசையும்

'சூப்பர் குரூப்' என்பது வியாபாரியின் வார்த்தை. க்ரீம் குழுவைப் பற்றிப் பேச உட்காருகிறவர்கள் அதைத்தான் முதலில் உச்சரிக்கிறார்கள். 1966ல் லண்டனில் எரிக் க்ளாப்டன் கிதாரோடும், ஜாக் ப்ரூஸ் பேஸ் கிதாரோடும் குரலோடும், ஜிஞ்சர் பேக்கர் டிரம்ஸோடும் சேர்ந்தார்கள். 1968 நவம்பரில் ராயல் ஆல்பர்ட் ஹாலில் விடைபெற்றுக்கொண்டார்கள். மூவரும் அசாத்தியத் தேர்ச்சி உள்ளவர்கள். அதில் எனக்குத் தகராறு இல்லை. தேர்ச்சியையே கலை என்று கும்பிடுவதில்தான் தகராறு.

வில்லி டிக்ஸன் எழுதி, ஹௌலின் வுல்ஃப் 1960ல் பாடிய 'ஸ்பூன்ஃபுல்' 3 நிமிஷத்துக்கும் குறைவு. ஒரு கரண்டி எதற்காகவோ மனிதர்கள் அடித்துக்கொள்வதை அந்தக் கரகரத்த குரல் சொல்லி முடித்துவிடுகிறது. மிச்சம் கேட்பவனிடம் தங்குகிறது. அதே பாட்டை 1968ல் வெளிவந்த 'வீல்ஸ் ஆஃப் ஃபயர்' தொகுப்பில் க்ரீம் மேடையில் சுமார் 17 நிமிஷம் வாசிக்கிறது. பாட்டு எங்கோ தொலைந்துபோகிறது. மூன்று பேர் ஒரே சமயத்தில் தனி ஆவர்த்தனம் செய்வதுதான் காதில் விழுகிறது. மலைப்பு வருகிறது. மலைப்பை அனுபவம் என்று எண்ணிக்கொள்வது ரசனையின் சோம்பேறித்தனம்.

அவர்களால் முடியாமல் இல்லை. 1936ல் ராபர்ட் ஜான்ஸன் ஒற்றைக் கிதாரோடு பதிவு செய்த பாட்டு, அதே தொகுப்பில் 'க்ராஸ்ரோட்ஸ்' என்று இருக்கிறது. நாலு நிமிஷச் சொச்சம். பழைய பாட்டின் அவசரமும் தவிப்பும் புது வேகத்தில் நிற்கின்றன. ஆனால் பின்னால் வந்தவர்களில் பலர் சுவீகரித்தது 17 நிமிஷத்தைத்தான். எழுபதுகளின் ராக் மேடைகளில் முடிய மறுத்த கிதார் தனிகளும் டிரம்ஸ் தனிகளும் அந்த வாரிசுரிமை. 'செல்வாக்கு' என்று பட்டியல் போடுகிறவர்கள் எதன் செல்வாக்கு என்று கேட்பதில்லை.

ஒருவர் கேட்டார். 1968ல், அரங்குகள் நிரம்பி வழிந்த நாளில், ஜான் லாண்டாவ் 'ரோலிங் ஸ்டோன்' பத்திரிகையில் க்ளாப்டனின் வாசிப்பை ப்ளூஸின் தேய்வழக்கு என்று எழுதினார். ப்ரூஸுக்கும் பேக்கருக்கும் ஓயாத சண்டை. குழு கலைய அதுவும் காரணம். ஆனால் அந்த விமர்சனம் தன்னை உலுக்கியதாகப் பிற்பாடு க்ளாப்டனே சொல்லியிருக்கிறார். விமர்சனத்தால் என்ன ஆகும் என்று நம்மிடம் கேட்கிறவர்கள் இதை யோசிக்கலாம். கைதட்டியவர்கள் யாரும் அவருக்கு அதைச் சொல்லவில்லை.