பயம் ஓட்டவெச்ச சைக்கிள்... பழக்கமா மாறினது எப்படி? நியூயார்க், பாரிஸ் சொல்லும் பாடம்!

லாக்டௌன் நாள்கள் ஞாபகம் இருக்கா? பால் பாக்கெட்டைக்கூட கழுவித்தான் வீட்டுக்குள் எடுத்துவெச்சோம். லிஃப்ட் பட்டனை முழங்கையால் அழுத்தினோம். அந்த நேரத்தில், முன்பின் தெரியாத பலர் பிடித்த ஹேண்டில்பாரைப் பிடிச்சு வாடகை சைக்கிள் ஓட்ட யாராவது வந்திருப்பாங்களா?

நியூயார்க்கில் வந்தாங்க. அங்கே 2013 முதல் 'சிட்டி பைக்' ஓடுது. ஆப்பில் அன்லாக் செய்து ஒரு ஸ்டேஷனில் எடுக்கலாம். இன்னொரு ஸ்டேஷனில் விட்டுட்டுப் போகலாம். 2020 மார்ச்சின் முதல் 11 நாள்களில் இந்த சைக்கிள்களில் நடந்த பயணங்கள் 5,17,768. முந்தைய ஆண்டு இதே நாள்களில் 3,10,132 தான். 67% அதிகம்!

கணக்கு சிம்பிள். ஹேண்டில்பாரைத் தொட்ட கைக்கு சானிடைசர் போதும். மூச்சு முட்டும் ரயில் பெட்டியில் பக்கத்தில் நிற்பவர் இருமினால் என்ன செய்வது?

ஊரடங்கு வந்ததும் எல்லாமே படுத்தது. ஆனால் ஒரே மாதிரி படுக்கவில்லை. சிட்டி பைக் தரவுகளை வைத்து நடந்த ஓர் ஆய்வின்படி, சப்வே ரயில் பயணிகள் சுமார் 90% குறைந்தபோது, சைக்கிள் பயணங்கள் சுமார் 71% குறைந்தன. சராசரி பயண நேரம் 13 நிமிடத்திலிருந்து 19 நிமிடமாகக் கூடியது. ரயிலில் போயிருக்க வேண்டிய தூரத்தையும் சிலர் சைக்கிளிலேயே கடந்திருக்கலாம் என்பதற்கான அறிகுறி இது. மருத்துவமனை ஊழியர்கள் போன்ற அத்தியாவசியப் பணியாளர்களுக்கு அங்கே இலவச மெம்பர்ஷிப்பும் கொடுத்தாங்க.

சரி, பயத்தில் வந்தவங்க பயம் போனதும் திரும்பிப் போயிட மாட்டாங்களா? இங்கேதான் பாரிஸைப் பார்க்கணும்.

2020 மே மாதம் ஊரடங்கைத் தளர்த்தியபோது, மெட்ரோ கூட்டத்தைக் குறைக்க பாரிஸ் நகராட்சி அவசர அவசரமா சைக்கிள் பாதைகள் போட்டது. மஞ்சள் பெயின்ட், சில தடுப்புகள், அவ்வளவுதான். மக்கள் வெச்ச பேர் 'கொரோனா பாதை'. லூவர் மியூசியத்தை ஒட்டிப் போகும் ரிவோலி சாலையில் தனியார் கார்களுக்குத் தடை போட்டு, பெரும்பகுதியை சைக்கிளுக்கே கொடுத்தாங்க. கொரோனா அலைகள் ஓய்ந்தன, பாதைகளை அகற்றவில்லை. 2021-ல் அறிவித்த ஐந்தாண்டுத் திட்டத்தில் 52 கி.மீ கொரோனா பாதைகளை நிரந்தரமாக்க முடிவெடுத்தாங்க. மொத்தத் திட்டத்துக்கு 25 கோடி யூரோவுக்கும் மேல்!

இப்போ நம்ம ஊர். சென்னைக்கு 2019-லேயே ஷேரிங் சைக்கிள் வந்தாச்சு. 2020 ஜூனில் மத்திய அரசு, 'மாற்றத்துக்காக சைக்கிள்கள்' என்று நகரங்களுக்குப் போட்டியே அறிவித்தது. ஆனால், உங்க வீட்டிலிருந்து மெட்ரோ ஸ்டேஷன் 2 கி.மீ தான் என்றாலும், ஷேர் ஆட்டோவைத்தானே தேடுறீங்க? வெயில் ஒரு காரணம்தான். பின்னாடி ஹாரன் அடிச்சுக்கிட்டே வரும் பஸ், பார்க்கிங் ஆகிப்போன சாலையோரம்... இதெல்லாம் அதைவிடப் பெரிய காரணம்.

உங்களைக் குறை சொல்லி என்ன பயன்? சைக்கிளை மட்டும் கொடுத்துட்டு பாதை கொடுக்கலைன்னா, யாரா இருந்தாலும் ரெண்டு நாள் ஓட்டிட்டு நிறுத்திடுவாங்க. அடுத்த முறை உங்க ஏரியாவில் ரோடு போட வரும்போது, சைக்கிளுக்கு எத்தனை அடி ஒதுக்கியிருக்காங்கன்னு கவுன்சிலரிடம் ஒரு வார்த்தை கேளுங்க!